ஆச்சியின் ஓட்டு

செம்பூரில் ஒரு முதியோர் இல்லம். மாடியில் ஓர் அறை. அறையில் நான்கு கட்டில்கள். சன்னல் ஓரக் கட்டிலில் ஓர் ஆச்சி. வயது 87.

இப்படி ஓர் ஆச்சி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒருவரின் முகம் நினைவுக்கு வரும்.

ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஆகி தாராவிக்கு வந்தார். 90 அடி ரோட்டுக்கு உள்ளே ஒரு கோலி. கோலி என்றால் ஒற்றை அறை வீடு. விடியும் முன்னே எழுந்து இட்லி அவிப்பார். வீட்டுக்காரர் அதைத் தலையில் சுமந்து போய் விற்பார். 60 வருடம் அந்தக் கோலியில்தான் வாழ்க்கை. பிறகு வீட்டுக்காரர் போய்விட்டார். மகன் வேலை மாறி வசைக்குக் குடிபோனான். ஆச்சி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இல்லத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்த இல்லத்தில் ஓர் அக்கா ஆயா வேலை செய்கிறார். அவரும் தாராவிதான். சயானில் பஸ் பிடித்து வேலைக்கு வருவார். எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் கற்றிருக்கிறார். ஒரு நாள் காலை ஆச்சிக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டார்.

"ஆச்சி, தேர்தல் வருதாம். ஓட்டுப் போடுவீங்களா?"

"எனக்கு எதுக்குத் தாயி ஓட்டு? கட்டிலை விட்டு இறங்க ரெண்டு ஆள் வேணும்."

"இதுக்கு முன்னாடி போட்டிருக்கீங்களா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டே? ஒரு தடவைகூட விட்டதில்ல. கைப்பிள்ளையோட வரிசையில நின்னு போட்டிருக்கேன்."

"அப்புறம் இப்ப மட்டும் ஏன் விடணும்?"

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

"எம் பேரு இன்னும் இருக்கா?"

சரியான கேள்வி. அங்கிருந்தே தொடங்குவோம்.

பெயர் எங்கே இருக்கிறது?

ஆச்சியின் பையில் வாக்காளர் அட்டை இருக்கிறது. அட்டை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லை என்றால், கையில் அட்டை இருந்தும் ஓட்டு இல்லை.

ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ, அங்கேதான் அவர் பெயர் இருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இப்படிச் சொல்கிறது. ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. ஆச்சி இப்போது வசிப்பது செம்பூரில். பெயரோ தாராவியில். இதனால் என்ன ஆகும்? பட்டியலைச் சரிபார்க்க ஓர் அலுவலர் தாராவிக்கு வருவார். அவரை பி.எல்.ஓ. என்று சொல்வார்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்பது முழுப் பெயர். அவர் கோலிக் கதவைத் தட்டுவார். "அந்த அம்மா இங்கே இல்லை" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் ஆச்சியின் பெயர் நீங்கிப் போகக்கூடும்.

இல்லத்தில் இருக்கும் பலருக்கு ஓட்டு இப்படித்தான் போகிறது. யாரும் பறிப்பதில்லை. முகவரி மாறியதை யாரும் எழுதிக் கொடுக்காததால் போகிறது. தாராவியில் வீடுகளை இடித்துக் கட்டும் வேலையால் இடம் மாறுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முகவரி மாற்ற என்ன செய்ய வேண்டும்? படிவம் 8 கொடுக்க வேண்டும். பெயரில் பிழை, வயதில் பிழை என்றாலும் அதே படிவம்தான். இதுவரை பெயரே சேர்க்காதவர் என்றால் படிவம் 6. கட்டணம் கிடையாது. படிவத்தை பி.எல்.ஓ.விடம் கொடுக்கலாம். செல்போன் வழியாகவும் அனுப்பலாம். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். சட்டம் வந்த ஆண்டும் 1950. போன் எண்ணும் 1950. நினைவில் வைப்பது எளிது.

முகவரிக்குச் சான்று கேட்பார்கள். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், தபால் அலுவலகப் புத்தகம் போன்றவை ஏற்கப்படும். ஆச்சியிடம் உள்ள எல்லாக் காகிதத்திலும் தாராவி முகவரிதான் இருக்கிறது. அதற்காக விட்டுவிட வேண்டாம். வேறு சான்று என்ன கொடுக்கலாம் என்று பி.எல்.ஓ.விடம் கேளுங்கள். இல்லத்தின் பொறுப்பாளர் எழுதிய கடிதத்தையும் காட்டுங்கள். பட்டியலில் சொன்ன சான்று எதுவும் இல்லாதபோது அலுவலர் நேரில் வந்து பார்ப்பார். தெருவில் படுத்துத் தூங்குகிறவருக்கே இந்த வழி உண்டு. இரவில் பி.எல்.ஓ. வந்து, அவர் அங்கேதான் படுக்கிறார் என்று பார்த்துப் பெயர் சேர்க்கலாம். கட்டிலும் கூரையும் உள்ள ஆச்சிக்கு ஏன் முடியாது?

ஒரு விஷயம் இங்கே தெரிந்துகொள்ளுங்கள். தாராவி, செம்பூர், மாட்டுங்கா மூன்றும் மக்களவைத் தேர்தலுக்கு ஒரே தொகுதியில் வருகின்றன. அது மும்பை தென்மத்தித் தொகுதி. ஆனால் சட்டமன்றத் தேர்தலுக்குத் தாராவி தனி, செம்பூர் தனி. ஆகவே ஆச்சி பெயரை மாற்றினால், மக்களவை வேட்பாளர்கள் அதே ஆட்கள். சட்டமன்ற வேட்பாளர்கள் வேறு ஆட்கள். இதை ஆச்சியிடம் முன்பே சொல்ல வேண்டும். 60 வருடம் தாராவிக்கு ஓட்டுப் போட்டவர். மாற்றுவதற்கு முன் அவர் மனசும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் என்றால் என்ன பெயர்?

அக்கா 1950-க்குப் போன் செய்தார். அட்டையில் உள்ள எண்ணைச் சொன்னார். பெயர் தாராவிப் பட்டியலில் இன்னும் இருந்தது. ஆனால் வயது 79 என்று இருந்தது.

"79-ஆ? எட்டு வயசு குறைச்சிட்டானுவளா?" என்று ஆச்சி சிரித்தார். "அன்னிக்கு எழுத வந்த தம்பி கேட்டான். எனக்குத் தெரியாதுன்னேன். அவனே ஒண்ணு போட்டுக்கிட்டான்."

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் இந்த எட்டு வயதால் ஒரு பெரிய வசதி கைவிட்டுப் போகும். ஏன் என்று கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

பெயரிலும் சிக்கல் வரும். நமக்குத் தலைப்பெழுத்து ஒன்றும் பெயர் ஒன்றும் இருக்கும். மராட்டியில் குடும்பப் பெயர், தன் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர் என்று எழுதுவார்கள். இசக்கியம்மாள் என்ற பெயரை ஐந்து பேரை எழுதச் சொன்னால் ஐந்து விதமாக எழுதுவார்கள். பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. அட்டை எண்ணைச் சொல்லித் தேடுங்கள்.

இந்தப் பெயர்த் தொல்லை நம் நாட்டில் முதல் தேர்தலிலேயே வந்தது. 1951-52-இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. அப்போது பட்டியல் எழுதப் போனவர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் விட்டுப்போனது. இன்றும் பல இல்லங்களில் "மூணாம் நம்பர் கட்டில் பாட்டி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்கள் இல்லத்தில் உள்ள பாட்டிகளின் சொந்தப் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கே வரும் ஓட்டு

இப்போது அந்த எட்டு வயதுக்கு வருவோம். 85 வயதைக் கடந்தவர்கள் இருந்த இடத்திலேயே ஓட்டுப் போடலாம். ஊனத்தின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கும் இந்த வசதி உண்டு. முதலில் 80 வயது என்று இருந்தது. 2024-இல் அதை 85 ஆக்கினார்கள். மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இந்த வசதி கிடைத்தது 2024-இல்தான்.

வயது என்றால் பட்டியலில் உள்ள வயது. ஆச்சிக்கு உண்மையில் 87. பட்டியலில் 79. திருத்தாவிட்டால் இந்த வசதி கிடையாது. ஆகவே முகவரியோடு வயதையும் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் சான்று வேண்டும். இதைத் தேர்தல் அறிவிக்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. வேட்புமனு கொடுக்கும் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எதுவும் மாற்ற முடியாது. அதற்கு முன்பும் விசாரிக்க அவர்களுக்கு நாள் வேண்டும்.

பட்டியல் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது படிவம் 12-டி. தேர்தல் அறிவிக்கை வந்த பிறகு ஐந்து நாளுக்குள் இது தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். வழக்கமாக பி.எல்.ஓ. படிவத்தைக் கொண்டுவருவார். அவர் வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். போன் செய்து கேளுங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் மும்பைக்கு ஏப்ரல் 26-இல் அறிவிக்கை வந்தது. ஓட்டுப் பதிவு மே 20-இல் நடந்தது. மே 20-க்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறதே என்று நினைத்தவர்களுக்குப் படிவத்தின் நாள் எப்போதோ முடிந்துவிட்டது.

படிவம் ஏற்கப்பட்டால், ஒரு நாள் சொல்லி அலுவலர்கள் வருவார்கள். காவலர் வருவார். வீடியோ எடுப்பவரும் வருவார். வேட்பாளர்களின் ஆட்களும் வந்து பார்க்கலாம். இவ்வளவு கூட்டத்தைக் கண்டு ஆச்சி மிரளக் கூடாது. முன்பே சொல்லி வையுங்கள். ஓட்டுப் போடுவதற்கு ஒரு மறைவு வேண்டும். எந்தப் பெயருக்குக் குறி போட்டார் என்பதை வீடியோ எடுக்கக் கூடாது. ஆச்சி தன் விருப்பப்படி ஒரு பெயருக்கு நேராகக் குறி போடுவார். சீட்டை உறையில் வைத்து ஒட்டிக் கொடுப்பார். அலுவலர் வந்தபோது ஆச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லை என்றால் அவ்வளவுதான். ஒருமுறை இந்த வழியைக் கேட்டு வாங்கிவிட்டால், பிறகு வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. இதையும் யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நடக்க முடிகிறவர்கள் பலருக்குச் சாவடிக்குப் போய்வருவதே ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க வேண்டாம்.

ஹிமாச்சலப் பிரதேசத்தில் கல்பா என்று ஒரு மலைக் கிராமம். அங்கே ஷியாம் சரண் நேகி என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். பனி விழுந்து பாதை அடைபடும் என்பதால், அந்த ஊரில் மற்ற ஊர்களுக்கு முன்பே, 1951 அக்டோபர் 25-இல் ஓட்டுப் பதிவு நடந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வாக்காளர் என்று அவரைச் சொல்வார்கள். அதன் பிறகு எந்தத் தேர்தலையும் அவர் விடவில்லை. 2022-இல் அவருக்கு வயது 105. உடம்பு முடியவில்லை. நவம்பர் 2-ஆம் தேதி வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட்டார். நவம்பர் 5-ஆம் தேதி இறந்துபோனார்.

ஆச்சியிடம் அக்கா இந்தக் கதையைச் சொன்னார். "மூணு நாளு முன்னாடியா?" என்று ஆச்சி கேட்டார். "கொடுத்து வச்ச மனுசன்."

சாவடிக்குப் போகிறவர்கள்

இல்லத்தில் எல்லோருக்கும் 85 வயது ஆகியிருக்காது. 70, 75 வயதுக்காரர்கள் சாவடிக்குத்தான் போக வேண்டும். சக்கர நாற்காலி கேட்கலாம். சாய்வுப் பாதை இருக்க வேண்டும். முதியவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். தண்ணீரும் மாத்திரையும் மறக்க வேண்டாம். வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான் அட்டை, படம் ஒட்டிய வங்கிப் புத்தகம், படம் உள்ள ஓய்வூதியப் புத்தகம் இவற்றில் ஒன்றைக் காட்டலாம். வீட்டுக்கு வரும் வாக்காளர் சீட்டு மட்டும் போதாது.

வண்டி விஷயத்தில் கவனம். வேட்பாளரோ அவருடைய ஆட்களோ இலவசமாக வண்டி அனுப்புவது சட்டப்படி குற்றம். "எங்க வேன்ல ஏத்திக்கிறோம் பாட்டி" என்று யாராவது வந்தால் ஏற்ற வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று 1950-இல் முன்பே கேளுங்கள்.

கண் தெரியாதவர்கள், கை நடுங்கிப் பொத்தானை அழுத்த முடியாதவர்கள் ஒரு துணை ஆளை உள்ளே அழைத்துப் போகலாம். துணை ஆளுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். யாருக்குப் போட்டார் என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு துணை ஆள் ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம். இந்த விதி இல்லங்களில் பலருக்குத் தெரிவதில்லை. கண் தெரியாதவர்கள் ஐந்து பேர் இருந்தால் ஐந்து துணை ஆட்கள் வேண்டும். ஒரே ஆயா ஐந்து பேருக்கும் பொத்தானை அழுத்த முடியாது. மகன், மகள், பேரன் யாராவது வர முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். நாற்காலியைத் தள்ளிப் போவது வேறு. எத்தனை பேரையும் தள்ளிப் போகலாம். ஓட்டுப் போடும் மறைவு வந்ததும் நீங்கள் விலகி நின்றுவிட வேண்டும்.

படிக்கத் தெரியாது என்பதற்காகத் துணை ஆள் கிடைக்காது. சின்னமும் வேட்பாளர் படமும் இயந்திரத்தில் இருக்கின்றன. பார்த்து அழுத்த முடிகிறவர் தானே அழுத்த வேண்டும்.

மறதி வந்தவர்களுக்கு ஓட்டு உண்டா?

இது கஷ்டமான கேள்வி. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒருவருக்கு மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் அறிவித்தால் மட்டுமே பெயர் நீங்கும். டாக்டர் சீட்டுப் போதாது. மகன் சொல்வது போதாது. இல்லத்துப் பொறுப்பாளர் முடிவு செய்ய முடியாது.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. மிகப் பழைய இடம். 2019 மக்களவைத் தேர்தலில், ஏப்ரல் 18-ஆம் தேதி, அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு வாக்குச்சாவடி வைத்தார்கள். அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் 150-க்கும் மேற்பட்டோர் ஓட்டுப் போட்டார்கள். அவர்களுக்கே முடிந்தது என்றால், மதியம் சாப்பிட்டதை மறந்துபோகிற ஒரு தாத்தாவுக்கு ஓட்டு இல்லை என்று நாம் எப்படிச் சொல்லலாம்? காலையில் அவருக்குத் தெளிவு இருக்கும் என்றால் காலையில் கூட்டிப் போங்கள்.

ஆனால் யாருக்கு, எதற்கு என்று எதுவுமே புரியாத நிலையில் ஒருவர் இருக்கிறார் என்றால்? அவர் ஓட்டு போடப்படாமல் போகட்டும். அவர் பெயரில் இன்னொருவர் போடுவது ஆள்மாறாட்டம். ஓராண்டு வரை சிறை உண்டு. மகனே போட்டாலும் அதுதான்.

"நீயே சொல்லு"

ஒரு நாள் மாலை ஆச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இப்போ யாரு எவருன்னு தெரியல. நீயே சொல்லு, யாருக்குப் போட?"

அக்காவுக்கு ஒரு கட்சி பிடிக்கும். சொல்லிவிடலாம். ஆச்சி தட்ட மாட்டார். சாப்பாடு ஊட்டுகிறவள், குளிப்பாட்டுகிறவள் சொன்னால் எந்த ஆச்சி தட்டுவார்? அதனால்தான் அக்கா சொல்லவில்லை.

"நான் சொன்னா அது என் ஓட்டு ஆயிடும் ஆச்சி. எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

"அப்போ நான் என்ன செய்ய?"

"பேப்பர்ல எல்லார் பேரும் வந்திருக்கு. எந்தக் கட்சி, என்ன சின்னம், என்ன செய்வேன்னு சொல்றாங்க, எல்லாம் வாசிக்கிறேன். ஒருத்தரையும் விட மாட்டேன். நீங்க கேளுங்க."

அக்கா எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். நேரம் பிடித்தது. பக்கத்துக் கட்டில் பாட்டியும் எழுந்து உட்கார்ந்து கேட்டார். நடுவில் ஆச்சி கேள்வி கேட்டார். அரிசி விலை பற்றிக் கேட்டார். தாராவிக் கோலிக்கு என்ன ஆகும் என்று கேட்டார். அக்காவுக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

எல்லாம் கேட்டு முடித்து ஆச்சி தலையை ஆட்டினார். "முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

"யாருக்கு?" என்று பக்கத்துக் கட்டில் பாட்டி கேட்டார்.

"அதை உன்கிட்ட ஏன் சொல்லணும்?" என்றார் ஆச்சி.

மாநகராட்சித் தேர்தல் பற்றி ஒரு வார்த்தை. அதை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக நடத்துகிறது. மேலே சொன்ன வீட்டு ஓட்டு முறை மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்கு உரியது. மாநகராட்சித் தேர்தல் வரும்போது என்ன வசதி உண்டு என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. இல்லத்தின் முதலாளி எல்லாப் பாட்டிகளையும் கூப்பிட்டு, இன்ன சின்னத்துக்குப் போடுங்கள் என்கிறார். அங்கே வேலை செய்கிறவர் என்ன செய்யலாம்?

2. ஒரு தாத்தாவுக்கு ஓட்டுப் போட விருப்பமே இல்லை. வற்புறுத்தலாமா?

கணக்குப் போடுவோம்

3. 2024-இல் மும்பைக்கு அறிவிக்கை வந்த நாள் ஏப்ரல் 26. அதற்குப் பின் ஐந்து நாள் எந்தத் தேதியில் முடிகிறது? அந்தத் தேதியிலிருந்து மே 20 வரை எத்தனை நாள்?

4. ஓர் இல்லத்தில் 12 பேர். 85 வயதைக் கடந்தவர்கள் 4 பேர். அவர்கள் வீட்டு ஓட்டுக் கேட்கிறார்கள். மற்றவர்களில் கண் தெரியாதவர்கள் 3 பேர். தேர்தல் நாளில் எத்தனை துணை ஆட்கள் வேண்டும்?

எழுதிப் பழகுவோம்

5. உங்களுக்குத் தெரிந்த ஒரு முதியவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதுங்கள்: சொந்தப் பெயர், அட்டையில் உள்ள பெயர், வாக்காளர் அட்டை எண், அட்டையில் உள்ள முகவரி, இப்போது வசிக்கும் முகவரி, பிறந்த ஆண்டு. அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.